தென்பெண்ணை கடலில் சேரும் ஊரிலிருந்து ஒரு மிட்ஃபீல்டர்

தருமபுரிப் பக்கத்துக் குறிப்புகளுக்கு நடுவே கடலூர் எதுக்குன்னு கேட்பீங்க. நம்ம அரூர் பக்கம் ஓடுகிற தென்பெண்ணைதான் சாத்தனூர் அணையைத் தாண்டிப் போய்க் கடலூருக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது. ஆத்தோடு போனால் அந்த ஊர் வந்துவிடும், அவ்வளவுதான் காரணம். அங்கே பெண்கள் கால்பந்து ஒரு பெரிய கதை. அந்தக் கதையில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுபவர் இந்துமதி கதிரேசன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. இந்தியப் பெண்கள் கால்பந்து நேற்று முளைத்தது இல்லை. 1975-இல் அதற்கென்று தனிச் சம்மேளனமே இருந்தது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இரண்டாம் இடம், 1983-இல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாம் இடம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921-இல் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று போட்ட தடையை நீக்கியதே 1970-க்குப் பக்கத்தில்தான். அப்படிப் பார்த்தால் நாம் ஒன்றும் பின்தங்கித் தொடங்கவில்லை. அதற்கப்புறம் கவனிப்பார் இல்லாமல் போனதுதான் கதை. பெண்களுக்கான தேசிய லீக் வந்தது 2017-இல். அதுவும் ஆறே அணிகளோடு.

இந்துமதி 1994-இல் பிறந்தவர். அவருக்குப் பத்து வயது நடக்கும்போது, 2004 டிசம்பர் 26, சுனாமி. கடலூர் மாவட்டத்தின் மீனவக் கிராமங்கள் என்ன ஆயின என்று சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகான வருடங்களில் பயிற்சியாளர் மாரியப்பன், பெற்றோரை இழந்த பிள்ளைகள் உட்படப் பல சிறுமிகளை மைதானத்துக்குக் கொண்டுவந்தார். அவர் நடத்திய இந்திரா காந்தி பெயரிலான அகாடமி பின்னாளில் தேசிய லீக்கிலேயே ஓர் அணியாக இறங்கியது. ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து, பெரிய முதலாளி பின்னால் இல்லாமல்! தமிழ்நாட்டு அணியின் முதுகெலும்பே கொஞ்ச காலம் கடலூர்தான் என்று சொன்னால் மிகையில்லை.

மிட்ஃபீல்டரைப் பற்றி எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்திரிகையில் வருவது கோல் போட்டவர் பெயர். தடுப்பாட்டக்காரரிடம் பந்தை வாங்கி, திரும்பி, யாருக்குத் தள்ளலாம் என்று ஒரு நொடியில் முடிவெடுத்தவர் பெயர் வராது. இந்துமதி விஷயத்தில் நல்ல வேளை, அவர் கோலும் போட்டார். சிலிகுரியில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம், 2017 ஜனவரி 4. வங்கதேசத்தை இந்தியா 3-1 என்று வென்றது. மூன்றாவது கோல் இந்துமதியுடையது. 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் அதே கோப்பை, அரையிறுதியில் மறுபடி அதே வங்கதேசம். 4-0. அதில் இரண்டு இந்துமதி. இறுதியில் நேபாளத்தை வென்று இந்தியா தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கோப்பையை எடுத்தது.

நடுவில் 2018 பிப்ரவரி. கட்டாக்கில் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே மணிப்பூர். அந்தப் போட்டி 1991-இல் தொடங்கியதிலிருந்து பெரும்பாலான வருடங்கள் கோப்பை அவர்கள் வீட்டில்தான். தமிழ்நாடு 2-1 என்று ஜெயித்தது. முதல் முறை! அந்த அணியிலும் இந்துமதி. மறு வருடம் மே மாதம், லூதியானாவில், மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று லீக்கையே கைப்பற்றியது. அங்கேயும் அவர் இருந்தார்.

தோற்ற அணியின் பெயரைக் கவனியுங்க. மணிப்பூர் போலீஸ். பல வருடம் பெண்கள் கால்பந்துக்குச் சோறு போட்டது கிளப்புகள் இல்லை, ரயில்வேயும் போலீஸும்தான். இந்துமதியும் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் மைதானங்கள் பூட்டிக் கிடக்க, அவர் சென்னை அண்ணா நகரில் முகக்கவசத்தோடு டியூட்டி பார்த்தார். இதைப் பத்திரிகைகள் நெகிழ்ச்சிக் கதையாகத்தான் எழுதின. எனக்கு வேற மாதிரி தோணுது. நாட்டுக்காக ஆடுகிற ஒருவருக்கு மாதச் சம்பளம் வருவது பந்தால் இல்லை, லத்தியால். ஆண்கள் லீக்கில் இதே நடுக்களத்தில் ஆடுகிறவருக்கு இப்படி இரண்டு வேலை தேவைப்படுமா?

2022 ஜனவரி. நவி மும்பையில் ஆசியக் கோப்பை, சொந்த மண்ணில். 23 பேர் அணியில் இந்துமதி, சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் என்று தமிழ்நாட்டுப் பெயர்கள் பல. ஈரானோடு 0-0. அடுத்த ஆட்டத்துக்கு முன் அணிக்குள் கொரோனா பரவி, சீன தைபேக்கு எதிராக 13 பேரைக்கூடத் திரட்ட முடியவில்லை. போட்டியிலிருந்தே வெளியேறியதாகக் கணக்கு. ஈரானோடு ஆடிய ஆட்டமும் செல்லாது என்றாகிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த மேடையில் தொண்ணூறு நிமிடம், அதுவும் பதிவேட்டில் இல்லை.

அந்தக் கதவு திறந்தது 2025 ஜூலை 5-இல், தாய்லாந்தின் சியாங் மாய் நகரில். தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச்சுற்று ஆடி ஜெயித்து ஆசியக் கோப்பைக்குள் இந்தியா போனது அதுதான் முதல் தடவை. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் போட்டவை. வங்காளத்துக்காரர், அவரும் மிட்ஃபீல்டர். வேலை எங்கே என்று பார்த்தேன். எல்லைக் காவல் படையான சஷஸ்த்ர சீமா பல். அவருக்கும் காக்கிதான்.