இந்திய இரயில்வே மீதான நாடாளுமன்றக் கண்காணிப்பு

இந்திய இரயில்வே மீதான நாடாளுமன்றக் கண்காணிப்பு என்பது, இந்திய நடுவண் அரசின் இரயில்வே அமைச்சகம் செலவிடும் பணத்தையும் அதன் நிருவாகத்தையும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அவற்றின் குழுக்களும் ஆராயும் முறையைக் குறிக்கும். இக்கண்காணிப்பு மூன்று நிலைகளில் நடைபெறுகிறது. செலவுக்கு முன் வரவுசெலவுத் திட்டமும் மானியக் கோரிக்கைகளும் ஆராயப்படுகின்றன. ஆண்டு நடுவில் அமைச்சர் கேள்விகளுக்கு விடையளிக்கிறார். செலவு முடிந்த பின் கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் வைக்கப்படுகின்றன.

இரயில்வே ஓர் அரசுத் துறையாக இருப்பதோடு, கட்டணம் பெற்றுச் சேவை வழங்கும் வணிக நிறுவனமாகவும் இயங்குகிறது. இவ்விரட்டைத் தன்மையால் அதன் நிதி மற்ற துறைகளின் நிதியிலிருந்து நீண்டகாலம் வேறுபட்டு நின்றது.

வரலாறு

பிரித்தானியர் ஆட்சியில் 1905ஆம் ஆண்டு இரயில்வே வாரியம் அமைக்கப்பட்டது. அக்காலத்தில் இரயில்வேக்குக் கிடைக்கும் பணம் அரசின் பொது நிதி நிலையைச் சார்ந்திருந்தது. அரசுக்குப் பற்றாக்குறை ஏற்பட்ட ஆண்டுகளில் இருப்புப்பாதைப் புதுப்பிப்புப் பணிகள் நிறுத்தப்பட்டன. இதனை ஆராய்ந்த சர் வில்லியம் அக்வொர்த் தலைமையிலான குழு, இரயில்வே நிதியைப் பொது நிதியிலிருந்து பிரிக்க வேண்டும் என 1921இல் பரிந்துரைத்தது.

இப்பரிந்துரையைத் தொடர்ந்து 1924 செப்டம்பர் 20 அன்று மத்திய சட்டப்பேரவை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. இது 'பிரிப்பு உடன்பாடு' எனப்படுகிறது. இதன்படி, வணிகப் பாதைகளில் முடக்கிய மூலதனத்தில் 1 விழுக்காட்டையும், உபரி இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கையும் இரயில்வே பொதுக் கருவூலத்திற்குச் செலுத்த வேண்டும். இரயில்வேக்கெனத் தனி வரவுசெலவுத் திட்டமும், பேரவை உறுப்பினர்கள் பங்குபெற்ற இரயில்வே நிலை நிதிக்குழுவும் இதன் விளைவாக அமைந்தன.

விடுதலைக்குப் பின் 1949இல் இவ்வுடன்பாடு திருத்தப்பட்டது. உபரியில் பங்கு என்பதற்கு மாற்றாக, மூலதனத்தின் மீது 4 விழுக்காடு என்னும் நிலையான பங்காதாயம் 1950-51 முதல் நடைமுறைக்கு வந்தது. பங்காதாய வீதத்தை அவ்வப்போது ஆராய்ந்து பரிந்துரைக்க இரயில்வே உடன்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. இதில் மக்களவையிலிருந்து 12 பேரும் மாநிலங்களவையிலிருந்து 6 பேரும் இடம்பெற்று வந்தனர்.

வரவுசெலவுத் திட்ட இணைப்பு

தனி இரயில்வே வரவுசெலவுத் திட்டத்தால் நாடாளுமன்றத்தில் இரயில்வே பற்றித் தனியே விவாதிக்க ஆண்டுதோறும் வாய்ப்புக் கிட்டியது. ஆயினும் அது புதிய வண்டிகளையும் பாதைகளையும் அறிவிக்கும் மேடையாக மாறியது என்ற குறை நெடுநாளாக இருந்து வந்தது. பிபேக் தேவ்ராய் தலைமையிலான குழு இதனைக் கைவிடப் பரிந்துரைத்தது. 2016 செப்டம்பர் 21 அன்று நடுவண் அமைச்சரவை இணைப்புக்கு ஒப்புதல் அளித்தது. சுரேசு பிரபு 2016 பெப்ரவரி 25 அன்று அளித்ததே கடைசித் தனி இரயில்வே வரவுசெலவுத் திட்டமாகும். 2017 பெப்ரவரி 1 அன்று அருண் ஜெட்லி முதலாவது ஒருங்கிணைந்த திட்டத்தை அளித்தார்.

இணைப்பினால் இரயில்வே பங்காதாயம் செலுத்தும் கடமையிலிருந்து விடுபட்டது. இதனால் உடன்பாட்டுக் குழுவின் முதன்மைப் பணியும் முடிவுற்றது. இரயில்வே தொடர்ந்து அமைச்சகத்தின் கீழ் இயங்கும் துறையாகவே உள்ளது. எனவே அதன் செலவுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை என்ற நிலை மாறவில்லை.

மானியக் கோரிக்கைகள்

இந்திய அரசியலமைப்பின் 113ஆம் உறுப்பின்படி, செலவினங்களுக்கான மானியக் கோரிக்கைகள் மக்களவையின் வாக்கெடுப்புக்கு வைக்கப்படுகின்றன. மாநிலங்களவை வரவுசெலவுத் திட்டத்தை விவாதிக்கலாம். கோரிக்கைகள் மீது வாக்களிக்க இயலாது.

கோரிக்கைகளின் மீது உறுப்பினர்கள் மூவகை வெட்டுத் தீர்மானங்களைக் கொண்டுவரலாம்.

கொள்கை வெட்டு: கோரிக்கைத் தொகையை 1 உரூபாயாகக் குறைக்கக் கோருவது. துறையின் கொள்கையை ஏற்கவில்லை என்பது இதன் பொருள்.

சிக்கன வெட்டு: குறிப்பிட்ட ஒரு தொகையைக் குறைக்கக் கோருவது.

அடையாள வெட்டு: 100 உரூபாய் குறைக்கக் கோருவது. ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்துரைப்பதற்கு இது பயன்படுகிறது.

ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை உள்ள அவையில் இத்தீர்மானங்கள் பெரும்பாலும் வெற்றி பெறுவதில்லை. இருப்பினும் தொகுதிக் குறைகளைப் பதிவு செய்யும் வழியாக இவை விளங்குகின்றன. விவாதத்திற்கு ஒதுக்கிய கடைசி நாளில், எஞ்சிய அமைச்சகங்களின் கோரிக்கைகள் அனைத்தும் விவாதமின்றி ஒருசேர வாக்கெடுப்புக்கு விடப்படும். ஆகவே எந்த அமைச்சகம் விவாதத்திற்குத் தெரிவு செய்யப்படுகிறது என்பது முக்கியமானது. 2019 சூலை 11 அன்று இரயில்வே கோரிக்கைகளின் மீதான மக்களவை விவாதம் நள்ளிரவை நெருங்கும் வரை நீடித்தது.

நாடாளுமன்றக் குழுக்கள்

இரயில்வே நிலைக்குழு

துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் தோற்றுவிக்கப்பட்டன. தொடக்கத்தில் 17 ஆக இருந்த இவை 2004இல் 24 ஆக உயர்த்தப்பட்டன. இரயில்வே நிலைக்குழுவில் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேருமாக 31 உறுப்பினர்கள் இடம்பெறுவர். அமைச்சர்கள் உறுப்பினராக இயலாது. இக்குழு மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை அளிக்கிறது. இரயில்வே வாரிய அதிகாரிகளை அழைத்து விசாரிக்கிறது. துறையின் அன்றாட நிருவாகத்தில் இது தலையிடுவதில்லை.

குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் எடுத்த நடவடிக்கையை அரசு தெரிவிக்க வேண்டும். அறிக்கை வந்த 6 மாதங்களுக்குள் அதன் செயலாக்க நிலை குறித்து அமைச்சர் அவையில் கூற்று அளிக்க வேண்டும்.

பொதுக் கணக்குக் குழு

1921இல் உருவான இக்குழுவில் மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும் உள்ளனர். 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைவராவது மரபாக உள்ளது. ஒப்புதல் அளித்த தொகை ஒப்புதல் அளித்த நோக்கத்திற்கே செலவிடப்பட்டதா என்பதை இது ஆராய்கிறது.

பிற குழுக்கள்

மக்களவை உறுப்பினர்கள் 30 பேரைக் கொண்ட மதிப்பீட்டுக் குழு சிக்கன வழிகளை ஆராய்கிறது. ஐ.ஆர்.சி.டி.சி., இர்கான் போன்ற இரயில்வே சார்ந்த நிறுவனங்கள் பொதுத்துறை நிறுவனங்கள் குழுவின் ஆய்வுக்கு உட்பட்டவை.

தணிக்கை

பொதுக் கணக்குக் குழுவின் பணி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளைச் சார்ந்தது. இரயில்வேக்கெனத் தனித் தணிக்கை அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகின்றன.

இரயில்வேயின் நிதிநிலையை அறிய இயக்க விகிதம் என்னும் அளவு பயன்படுகிறது. 100 உரூபாய் ஈட்ட எத்தனை உரூபாய் செலவாகிறது என்பதை இது காட்டுகிறது. 2017-18ஆம் ஆண்டில் இவ்விகிதம் 98.44 ஆக இருந்தது. இது முந்தைய பத்து ஆண்டுகளில் மிக மோசமானதாகும். தேசிய அனல்மின் கழகமும் இர்கான் நிறுவனமும் அளித்த முன்பணத்தைக் கழித்துப் பார்த்தால், 1,665.61 கோடி உரூபாய் உபரிக்கு மாறாக 5,676.29 கோடி உரூபாய் பற்றாக்குறையே இருந்திருக்கும் எனத் தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டியது. வெளியிட்ட கணக்கில் தெரியாத நிலையைத் தணிக்கை வெளிக்கொணர்ந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

பாதுகாப்பு நிதி: ஓர் எடுத்துக்காட்டு

கண்காணிப்பின் பயனையும் எல்லையையும் பாதுகாப்புச் செலவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைக் குழு, இரயில்வே பாதுகாப்புக்கு ஐந்து ஆண்டுகளில் 1 இலட்சம் கோடி உரூபாய் தேவை என 2012இல் மதிப்பிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் இரயில்வே அமைச்சர் தினேசு திரிவேதி பயணக் கட்டண உயர்வை அறிவித்தார். அவருடைய கட்சியே அதனை எதிர்த்ததால் பதவி விலகினார். உயர்வின் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது. திரிவேதி பின்னர் இரயில்வே நிலைக்குழுவின் தலைவராகப் பணியாற்றினார்.

2017-18இல் 'இராட்டிரிய இரயில் சன்ரக்சா கோசு' என்னும் பாதுகாப்பு நிதியம் உருவாக்கப்பட்டது. ஆண்டுக்கு 20,000 கோடி உரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு 1 இலட்சம் கோடி உரூபாய் என இலக்கு வகுக்கப்பட்டது. இதில் ஆண்டுதோறும் 15,000 கோடியைப் பொது வரவுசெலவுத் திட்டமும் 5,000 கோடியை இரயில்வேயின் சொந்த வருவாயும் அளிக்க வேண்டும்.

வண்டிகள் தடம்புரள்வது பற்றிய தணிக்கை அறிக்கை 2022 திசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. முதல் நான்கு ஆண்டுகளில் இரயில்வே தன் சொந்த வருவாயிலிருந்து அளித்திருக்க வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி உரூபாய் அளிக்கப்படவில்லை என அது கண்டறிந்தது. 2017-21 காலத்தில் நிகழ்ந்த 1,127 தடம்புரள்வுகளில் 289 பாதைப் புதுப்பிப்புடன் தொடர்புடையவை. பாதைப் பதிவு வண்டிகளைக் கொண்டு செய்ய வேண்டிய ஆய்வுகளில் 30 முதல் 100 விழுக்காடு வரை குறைவு இருந்தது. முன்னுரிமை அற்ற பணிகளுக்கான செலவின் பங்கு 2017-18இல் 2.76 விழுக்காடாக இருந்து 2019-20இல் 6.36 விழுக்காடாக உயர்ந்தது.

2023 சூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்த கோரமண்டல் விரைவுவண்டி விபத்துக்குள்ளாகி 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே இவ்வறிக்கை பரவலாகப் பேசப்பட்டது. சமிக்ஞைச் சுற்றில் செய்த மாற்றங்களில் ஏற்பட்ட பிழையே விபத்தின் காரணம் என இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கூறியது. ஆகவே பாதைப் புதுப்பிப்பு நிதிக் குறைவை இவ்விபத்தின் நேரடிக் காரணமாகக் கொள்ள இயலாது. ஆயினும் பாதுகாப்புக்கென ஒதுக்கிய நிதி உரியவாறு செலவாகிறதா என்ற வினா பொதுமக்களிடம் எழுந்தது. நிதியம் 2022-23 முதல் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டுள்ளது.

அமைச்சரின் பொறுப்பு

நாடாளுமன்ற மக்களாட்சியில் துறையின் தவறுகளுக்கு அமைச்சர் அவைக்குப் பொறுப்பாவார். 1956 நவம்பர் 23 அன்று தமிழ்நாட்டின் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவுவண்டி விபத்துக்குள்ளாகி 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதற்குப் பொறுப்பேற்று இரயில்வே அமைச்சர் இலால் பகதூர் சாத்திரி பதவி விலகினார். அமைச்சர் பொறுப்புக்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்வு இன்றும் நாடாளுமன்ற விவாதங்களில் நினைவுகூரப்படுகிறது.

விபத்துகளை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையம் இரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விசாரிப்பவர் விசாரிக்கப்படும் துறைக்குக் கட்டுப்பட்டவராக இருத்தல் கூடாது என்னும் கருத்தால், அது வான்போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் செயல்படுகிறது.

குறைபாடுகள்

தணிக்கை, செலவு முடிந்த பின்னரே நடைபெறுகிறது. அறிக்கை அவைக்கு வருவதற்குள் ஓரிரு ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

தணிக்கை அறிக்கைகளின் பத்திகள் அனைத்தையும் விசாரிக்கப் பொதுக் கணக்குக் குழுவிற்கு நேரம் போதுவதில்லை. குழு சிலவற்றை மட்டும் தெரிவு செய்கிறது.

நிலைக்குழுவின் பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. இதனால் உறுப்பினர்கள் துறையறிவு பெறுவதற்குப் போதிய காலம் கிடைப்பதில்லை.

தனி வரவுசெலவுத் திட்டம் நீங்கிய பின், இரயில்வேக்கெனத் தனியே விவாத நாட்கள் உறுதியாகக் கிடைப்பதில்லை.

இவற்றையும் பார்க்க

இந்திய இரயில்வே
பொதுக் கணக்குக் குழு
இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்
அரியலூர் தொடருந்து விபத்து, 1956