ஓதம்: ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில் வீடும் ஈரமும்

தமிழில் ‘ஓதம்’ என்னும் சொல்லுக்குக் கடல், அலை, கடல்நீரின் ஏற்ற இறக்கம் என்னும் பொருள்களும், சுவரிலும் தரையிலும் ஊறி நிற்கும் ஈரம் என்னும் பொருளும் ஒருங்கே உண்டு. உள்நாட்டில் வாழ்பவர்க்கு இவை தொடர்பற்றவையாகத் தோன்றலாம். அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் தென்புறம் அமைந்த ஊரூர் ஒல்காட் குப்பத்தில் வாழ்பவர்க்கோ, வாசலை நோக்கி ஏறும் ஓதமும் சுவரில் ஏறும் ஓதமும் ஒரே நீரின் இரு வரவுகள். ஓலை, சுண்ணாம்பு, சிமென்ட் என மூன்று பொருள்களின் வழியே இக்கரையின் வீடுகள் ஈரத்தை எதிர்கொண்ட வரலாற்றைப் பார்க்கும்போது, முதல் இரண்டும் நனைந்தது உலர்வதற்கு இடம் வைத்தன என்பதும், மூன்றாவதன் காலத்தில் அந்த இடம் சுருங்கிப்போனது என்பதும் தெளிவாகின்றன.

ஊரூர் என்பது பழைய ஊர்ப்பெயர். ஒல்காட் என்பது 1875இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டின் பெயர். ஆறு வடக்கிலும் கடல் கிழக்கிலும் அமைய, இடைப்பட்ட மணல்மேட்டில் அடுத்தடுத்து உருவான இரு மீனவர் குடியிருப்புகள் இன்று ஒரே பெயரால் வழங்குகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெறும் சென்னையில், அதன் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடுகிறது. மழை இல்லாத மாதங்களிலும் கடற்காற்று நுண்ணிய உப்புத் துகள்களைக் கொண்டுவந்து சுவர்மீது படியவைக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும் இயல்புடையதாதலால், ஒருமுறை உப்பேறிய சுவர் மழையே இல்லாத நாளிலும் நசநசத்து நிற்கிறது.

இத்தகைய நிலத்தில் மீனவர்கள் தொடக்கத்தில் கட்டிய குடிசை, மண்சுவரையோ ஓலைத் தட்டியையோ, அதன்மேல் பனையோலை அல்லது தென்னங்கீற்றுக் கூரையையும் கொண்டதாக இருந்தது. வறுமையின் அடையாளமாகவே பார்க்கப்பட்ட இக்கட்டுமானத்தில் நிலத்தின் இயல்பைப் பற்றிய அறிவும் அடங்கியிருந்தது. மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக நீர் தானே மேலேறுவதை நுண்புழை ஏற்றம் என்பர். இடைவெளி குறுகக் குறுக நீர் ஏறும் உயரம் கூடும். களிமண்ணில் நீர் மிக உயரமாக ஏற, பரும்பரலான கடல்மணலில் சிறிதளவே ஏறி நின்றுவிடுகிறது. ஆகவே மணல்மேட்டின்மீது அமைந்த குடிசையின் தரைக்கு, எவரும் தனியே அமைக்காமலே, ஓதத்தைத் தடுக்கும் ஒரு படுகை வாய்த்திருந்தது. மேலே ஓலைக்கூரை நனைந்தாலும், அடுத்து வந்த வெயிலும் காற்றும் அதை உலர்த்திவிட்டன. உலராமல் மக்கிய ஓலை மாற்றப்பட்டது. தீயும் புயலும் இக்குடிசைகளின் தீராத ஆபத்துகளாக இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஈரத்தைப் பொறுத்தவரை அவை கரையோடு இசைந்தே நின்றன.

இவ்விசைவு மீனவரின் தொழிலிலிருந்து வேறானதன்று. கட்டுமரம் என்பது மரத்துண்டுகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் பிணைத்த மிதவை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைப் பிரித்து மணலில் காயவைப்பது வழக்கம். இடைவிடாது நீரில் கிடந்த மரம் நீரை உறிஞ்சிக் கனத்து மிதக்கும் வலுவை இழக்கும் என்பதால், காயவைப்பது ஓய்வன்று, தொழிலின் ஒரு பகுதியே. நைலான் வருவதற்கு முன்பு பயன்பட்ட பருத்தி நூல் வலைகளைத் துவர்ப்பு மிகுந்த காய், பட்டை ஆகியவற்றின் சாற்றில் தோய்த்து, அழுகல் பிடிக்காமல் காத்து, ஒவ்வொரு நாளும் மணலில் விரித்து உலர்த்தினர். மீனும்கூட உப்பாலும் வெயிலாலுமே கருவாடாயிற்று. நனைவது தவிர்க்க முடியாதது, ஆனால் நனைந்தது அடுத்த முறை நனைவதற்குள் உலர்ந்தாக வேண்டும் என்னும் விதி, இம்மக்களின் மரத்துக்கும் வலைக்கும் உணவுக்கும் வீட்டுக்கும் பொதுவாக இருந்தது.

வீட்டில் தண்ணீர் வைக்கும் இடமும் இவ்விதிக்கு உட்பட்டே அமைந்தது. குடிநீர்ப் பானையை ஒரு மூலையில் ஈரமணலைப் பரப்பி அதன்மீது வைப்பது தமிழ்நாட்டின் பரவலான வழக்கம். சுட்ட மண்ணின் துளைகள் வழியே கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது பானையிலுள்ள வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. அடியில் வழியும் நீரை மணல் ஏற்றுக்கொள்கிறது. பாத்திரம் துலக்குவதும் மீன் கழுவுவதும் குளிப்பதும் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே நிகழ்ந்தன. நீர் புழங்கும் இடமும் உறங்கும் இடமும் இவ்வாறு பிரிக்கப்பட்டதால், வீட்டின் உட்பகுதி தாங்க வேண்டிய ஈரத்தின் அளவு குறைந்தது.

குப்பத்தின் மேற்கே, ஆற்றங்கரைத் தோட்டங்களில், செல்வர்கள் கட்டிய வீடுகள் சுண்ணாம்பின் வழியே இதே விதியைக் கைக்கொண்டன. கழிமுகங்களிலும் கரையிலும் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீர் தெளித்துப் பூக்கவைத்து, மணலோடு சேர்த்து அரைத்துப் பெற்ற சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் கலந்தனர். மேற்பூச்சுக்கு முட்டை வெண்கருவும் தயிரும் நெய்யும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர், சலவைக்கல்லோடு ஒப்பிடப்பட்டு ‘மதராஸ் சுண்ணாம்பு’ என ஐரோப்பியப் பயணிகளால் புகழப்பட்டது. மெருகேறிய பிறகும் சில நாட்கள் அச்சுவர் வியர்வைபோல் நீரை வெளியிடும். பணியாளர்கள் மெல்லிய துணியால் அதை ஒற்றி எடுத்துக்கொண்டே இருப்பர். சுவர் தன் ஈரத்தைத் தானே வெளியேற்றி முடிக்கும்வரை வேலை முடிந்ததாகக் கொள்ளப்படவில்லை.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகுகிறது. இறுகிய பின்னும் அதன் நுண்துளைகள் நீராவிக்கு வழிவிடுகின்றன. கடைக்கால் வழியே ஏறிய ஓதம் பூச்சின் ஊடாக வெளியேற, உப்பும் மேற்பரப்பில் பூத்து உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தை ஆண்டுதோறும் வெள்ளையடித்துச் சீர்செய்தனர். பூச்சு தன்னை இழந்து செங்கல்லைக் காத்தது. ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்பட்ட மாடித்தளமும் இவ்வகைப்பட்டதே. தேக்கு விட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பாவினர்.

1882இல் பிரம்மஞான சபை விலைக்கு வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம் இத்தகைய ஆற்றங்கரைத் தோட்டங்களுள் ஒன்று. 1886இல் ஒல்காட் அங்கே அடையாறு நூலகத்தை நிறுவியபோது, ஈரத்தின் கேள்வி புதிய வடிவம் பெற்றது. அங்கே திரட்டப்பட்ட ஓலைச்சுவடி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், மிகையாக உலர்ந்தால் நொறுங்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் போன்றவற்றைத் தடவி அதைப் பேணுவது சுவடி காப்போரின் பழக்கம். குப்பத்தின் கூரையில் ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தக்கதாக இருந்த அதே பனையோலை, சற்றுத் தொலைவுக்கு அப்பால் மாற்று இல்லாத செல்வமாகக் கருதப்பட்டு ஈரத்திலிருந்து காக்கப்பட்டது.

இவ்வளவு கட்டடக் கலை வளர்ந்த இக்கரையில் குடியிருப்புக்கென நிலவறை தோண்டும் வழக்கம் வேரூன்றவில்லை என்பது கவனத்துக்குரியது. குளிர்நாடுகளில் நிலம் உறைந்து பொருமுவதால் கடைக்கால் உறைபனி எட்டாத ஆழத்துக்குச் செல்ல வேண்டியுள்ளது. அவ்வாறு தோண்டிய பள்ளமே நிலவறையாகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர் வீடுகளில், அந்த நிலவறையில் குழாயும் கழுவு தொட்டியும் பொருத்தி, பானங்கள் பரிமாறும் ‘பானமேடை’ அமைப்பது பரவியது. உறைபனியே அறியாத சென்னையில் அத்தகைய பள்ளத்துக்குத் தேவை இல்லை; கரையோரத்தில் சில அடி தோண்டினாலே நீர் ஊறுவதால் அதற்கு இடமும் இல்லை. குளிர்ந்த பானம் விரும்பிய ஆங்கிலேயருக்காக 1840களில் மெரினாவில் எழுந்த ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை நிலத்தின்மேல் தடித்த சுவர்களுக்குள் காத்தது. பின்னாளில் அக்கட்டடம் குடியிருப்பாக மாறி, 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

சிமென்ட்டின் வருகை இவ்வொழுங்கைக் குலைத்தது. 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமம் பெற்ற போர்ட்லேண்ட் சிமென்ட்டை இந்தியாவில் முதன்முதலாக உற்பத்தி செய்யும் முயற்சி 1904இல் சென்னையிலேயே நடந்தது. சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்னும் நிறுவனம் கடற்சிப்பியையே அதற்குரிய சுண்ணாம்புப் பொருளாகக் கொண்டது. அம்முயற்சி நிலைக்கவில்லை, எனினும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் காளவாய்களை நாடுவோர் அருகினர். விரைவில் இறுகும் சிமென்ட் பூச்சு அடர்த்தியானது; அதனுள் சிக்கிய ஓதம் வெளியேற வழியின்றிச் சுவரில் மேலும் உயரத்துக்கு ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகித் திரண்டு, பூச்சைப் பொரிபொரியாகத் தள்ளுகிறது. கான்கிரீட்டினுள் புகும் உப்பு கம்பியின் காப்புப் படலத்தை அழிக்க, துரு பருத்துத் தளத்தைப் பிளக்கிறது. இதனாலேயே இந்தியத் தர நிர்ணய விதி 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், கடுமை குறைந்த சூழலில் கம்பிமேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் போதும் என்றும், கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டரும் கடல்திவலை படும் இடத்துக்கு 50 மில்லிமீட்டரும் வேண்டும் என்றும் வகுக்கிறது. குப்பத்தில் ஓலைக்குப் பதிலாகச் சிமென்ட் வீடு வந்தது தீயிலிருந்து காப்பளித்த நன்மை. ஆனால் நெருக்கமான சந்துகளில், காற்று புக இடமில்லாத சிறு அறைக்குள் சமையலும் குளியலும் துவைத்தலும் வந்து சேர்ந்தபோது, ஈரத்தின் சுமை முழுவதும் சுவர்மீது விழுந்தது.

அருகே பெசன்ட் நகரிலும் அடையாற்றிலும் தனி வீடுகள் அடுக்ககங்களாக மாறியபோது, வாகனங்களுக்கும் சில இடங்களில் பொழுதுபோக்கு அறைகளுக்கும் தரைக்குக் கீழே இடம் தேடப்பட்டது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது, நகரின் பல அடித்தளங்கள் நீர் நிரம்பிய தொட்டிகளாயின. வெள்ளம் வராத ஆண்டிலும் நிலவறையின் இடர் நீங்குவதில்லை: சுற்றியுள்ள நிலத்தடி நீர் சுவரை அழுத்துகிறது, குளிர்சாதனத்தால் தணிந்த சுவர்மீது கடற்காற்றின் ஈரம் பனித்து வியர்க்கிறது, அங்கே கழுவு தொட்டி அமைத்தால் கழிவுநீர் தானே வெளியேறும் சரிவு இல்லாததால், மின்சாரம் நின்றால் நின்றுவிடும் பம்பை நம்ப வேண்டியிருக்கிறது. நிலவறையில் பானமேடை அமைக்க எண்ணுவோர், உட்சுவருக்கு வண்ணம் தேர்வதற்கு முன், சுவரின் வெளிப்புற நீர்க்காப்பு, ஊறும் நீரைத் திரட்டும் வடிகால், சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்றோட்டம் ஆகியவற்றை உறுதிசெய்ய வேண்டும் என்பது கட்டட அறிவியலின் முடிவு. நீர் புழங்கும் மூலையை மேல்தளத்திலேயே வைப்பது இக்கரையின் வரலாறு தரும் முடிவு.

ஈரத்தை எங்கே ஏற்பது, எப்படி வெளியேற்றுவது, எத்தனை நாளில் உலர்த்துவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஓலையும் சுண்ணாம்பும் தத்தம் வகையில் விடை வைத்திருந்தன. சிமென்ட்டை விட்டு மீள்வது இன்று இயலாததும் தேவையற்றதும் ஆகும். ஆனால் அக்கேள்விகளைக் கேளாமல் கட்டப்படும் வீடு, வறியவருடையதாயினும் செல்வருடையதாயினும், கடலுக்குக் கடன்பட்டே நிற்கிறது. குப்பத்து மணலில் கட்டை அவிழ்த்துக் காயவைத்த மரத்துக்குக் கிடைத்த வெயிலும் காற்றும், அம்மரத்தின் உரிமையாளர் வாழும் வீட்டுக்கும் கிடைக்க வேண்டும். கரையில் இனி வகுக்கப்படும் எந்த வீட்டுத் திட்டமும் அதிலிருந்தே தொடங்குவது முறை.