இறக்கிவிடும் கரங்கள்

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப்போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கையிலுள்ள இரத்தக் குழாயை அம்பொன்று துளைத்தது. நபி (ஸல்) அவர்கள் தம் கரத்தாலேயே காயத்திற்குச் சூடிட்டார்கள். அருகிலிருந்து நலம் விசாரிக்க மஸ்ஜிதிலேயே அவருக்குக் கூடாரம் அமைத்தார்கள். காயமுற்றோரை அங்கே பேணியவர் ருஃபைதா (ரலி). பின்னர் ஸஅத் (ரலி) கழுதை மீதேறி வந்தபோது, எழுந்து சென்று அவரை இறக்கிவிடுமாறு நபியவர்கள் பணித்ததாக முஸ்னத் அஹ்மதின் அறிவிப்பு கூறுகிறது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். மேலும் பலர் தீக்காயமுற்றனர். இத்தகையோருக்கு அறுவை சிகிச்சையும் தோல் ஒட்டும் முடிந்த பின்னரும் துன்பம் முடிவதில்லை. படுத்தே கிடந்தால் மூட்டுகள் இறுகும். காலில் இரத்தம் உறையும். அவசரப்பட்டு எழுப்பினாலோ ஒட்டிய தோல் பெயரும்.

ஆகவே, மருத்துவர் அனுமதித்த பின்னரே நோயாளியை எழுப்புவோம். ஒருக்களிக்கச் செய்து, கால்களைத் தொங்கவிட்டுச் சற்று அமர்த்துவோம். தலைசுற்றல் இல்லையெனில் நிற்கச் செய்வோம். கையைப் பற்றி இழுக்காமல், காயம்படாத இடத்தில் உடலைத் தாங்குவோம். அன்று அன்ஸாரிகளுக்கு இடப்பட்ட பணி இன்று நம் வீட்டுக் கட்டிலருகே நமக்காகக் காத்திருக்கிறது.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.