பழைய புளிப்பு வேண்டாம்



செங்கல்பட்டின் ஏரிப்பாசன வயல்களில் விளைவது நெல். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடல் தருவது மீன். கோதுமை நம் மண்ணின் பயிர் அல்ல. ஆயினும் 1808-இல் எழுந்த கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்திலும், நம் பங்கு ஆலயங்கள் அனைத்திலும், திருப்பலிக்குக் கோதுமை மாவும் நீரும் மட்டுமே சேர்ந்த புளிப்பற்ற அப்பத்தையே பயன்படுத்துகிறோம். திருச்சபைச் சட்டம் வேறு தானியத்தை ஏற்பதில்லை. ஏன்?

எகிப்தைவிட்டு இரவோடு இரவாகப் புறப்பட்ட இஸ்ரயேலருக்கு, மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. துன்பத்தின் அந்த அப்பமே விடுதலையின் அப்பமுமாயிற்று. பாஸ்கா விருந்தில் ஆண்டவர் இயேசு அதையே எடுத்து, தம் உடலாகத் தந்தார்.

கீழைத் திருச்சபைகள் பல புளித்த அப்பத்தைப் பயன்படுத்துகின்றன. 1054-இல் இதுவும் பெரும் பூசலுக்கு ஒரு காரணமாயிற்று. 1439-இல் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கம், இரண்டு அப்பங்களிலும் ஆண்டவரின் உடல் உண்மையாகவே உண்டு என்றும், அவரவர் தம் மரபைக் காக்க வேண்டும் என்றும் அறிவித்தது.

நம் வீடுகளில் பழைய மாவில் ஒரு கரண்டியைச் சேர்த்தால் புது இட்லி மாவும் சீக்கிரம் பொங்கிவிடும். பவுலடியார் கொரிந்தியரிடம், தீமை என்னும் பழைய புளிப்பை அகற்றச் சொன்னதும் இதனால்தான். வலைக்காகவும் வரப்புக்காகவும் தாத்தா காலத்தில் மூண்ட சண்டை, இன்று பேரப்பிள்ளைகளின் மனத்தையும் புளிக்க வைக்கிறதே!

நற்கருணை வாங்க வரிசையில் நிற்குமுன், பேச்சை நிறுத்திவிட்ட சகோதரரிடம் நாமே முதலில் பேசுவோம். ஆமென்.