ராஜாபாய் கோபுரமும் ஒரு லட்ச ரூபாய் பாலிசியும்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் பிடித்துக்கொண்டார். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, டெண்டர் விளம்பரம் உட்பட, படிக்கிற மனிதர். ஏதோ ஒரு கம்பெனி கோடிக்கணக்கில் லோன் வாங்கிக் கட்டாமல் விட்ட செய்தி. "ஏண்டா, நாணயம்னு ஒண்ணு எங்க காலத்துல இருந்துதுடா. இப்ப எல்லாருக்கும் பணம், பணம், பணம்தான்" என்றார். திட்டு கம்பெனிக்காரனுக்குத்தான். ஆனால் பேங்கில் வேலை பார்க்கிற பிள்ளை நான் ஒருத்தன்தான் கையில் கிடைத்தேன்.

"ஆமாம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. இருபது வருஷமாக இந்த மும்பையில் இதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த "எங்க காலம்" எது என்பதுதான் கொஞ்ச நாளாக உறுத்துகிறது.

காலையில் சர்ச்கேட்டில் லோக்கலை விட்டு இறங்கி, ஓவல் மைதானத்தைக் குறுக்கே கடந்து ஃபோர்ட் பக்கம் நடப்பேன். எதிரே ராஜாபாய் கோபுரம். 280 அடி. பல்கலைக்கழக நூலகத்தின் தலைமேல் நிற்கிற மணிக்கூண்டு. புதிதாக வந்தபோது இது ஏதோ ராணி பெயர் என்று நினைத்தேன் (சிரிக்காதீங்க). ராஜாபாய் என்பது பிரேம்சந்த் ராய்சந்த் என்ற ஷேர் புரோக்கரின் அம்மா பெயர். அம்மா பெயரில் கோபுரம் கட்ட 2 லட்ச ரூபாய் கொடுத்திருக்கிறார், 1864-ல். நூலகத்துக்குத் தனியாக இன்னொரு 2 லட்சம். அந்தக் காலத்து 2 லட்சம்!

எப்படி வந்தது அவ்வளவு பணம்? அங்கேதான் கதை.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். இங்கிலாந்தின் லங்காஷையர் மில்களுக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்கப் பருத்தி நின்றுபோயிற்று. மில்காரர்கள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். பருத்தி விலை பல மடங்கு ஏறியது. வீட்டு மெத்தையைப் பிரித்துப் பஞ்சை உருவி விற்றார்கள் என்றுகூடச் சொல்வார்கள். வழக்கமாக வரும் பணத்துக்கு மேல், அந்தச் சில வருஷங்களில் பம்பாய்க்கு வந்தது மட்டும் 7 கோடி பவுன் ஸ்டெர்லிங்குக்கும் அதிகம்.

இவ்வளவு பணம் கையில் இருந்தால் என்ன செய்வார்கள்? கம்பெனி ஆரம்பித்தார்கள். 1865 ஜனவரியில் இந்த ஊரில் 31 பேங்க், 16 நிதி நிறுவனம், 8 நில கம்பெனி. கடலைத் தூர்த்து நிலமாக்குவதுதான் அன்றைய ஐ.டி. துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ராஜா பேக் பே ரெக்ளமேஷன் கம்பெனி. 5,000 ரூபாய் கட்டிய ஒரு பங்கு 50,000 ரூபாய் வரை போனது. அரசாங்கமே 400 பங்கு வாங்குவதாக இருந்தது. கல்கத்தாவிலிருந்த மேலிடம் கூடாது என்று சொல்லிவிட, அந்த 400 பங்கும் வெளியே விற்கப்பட்டு 1 கோடியே 6 லட்ச ரூபாய் வந்தது. தூர்க்க வேண்டிய கடல் அப்படியேதான் கிடந்தது!

இனிமேல் வருவது என் தொழில் சமாச்சாரம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பேங்க் ஆஃப் பாம்பே 1840-ல் ஆரம்பித்தது. அரசாங்கமும் அதில் பங்குதாரர். பழைய சட்டத்தில் யாருக்கு, எதன் மேல் கடன் கொடுக்கலாம் என்று கடிவாளம் இருந்தது. 1863-ல் புதுச் சட்டம் வந்தது. கம்பெனிப் பங்குகளை அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கலாம் என்று ஆயிற்று. மூலதனமும் 2 கோடியே 9 லட்சமாக உயர்ந்தது.

பி.காம். முதல் வருஷம் படிக்கிற பையனிடம் இதைச் சொன்னால்கூட முழிப்பான். பேங்க் கொடுக்கிற கடனில் பங்கு வாங்குகிறார்கள், அதனால் பங்கு விலை ஏறுகிறது. விலை ஏறிய பங்கை அதே பேங்கில் வைத்து இன்னும் கடன் வாங்குகிறார்கள். ஏறுகிற வரைக்கும் கணக்குப் புத்தகத்தில் எல்லாம் பாதுகாப்பான கடன். இறங்க ஆரம்பித்தால் கடனும் ஜாமீனும் ஒன்றாகப் போய்ச் சேரும்.

பிரேம்சந்த் அந்த பேங்கில் அதிகாரி இல்லை. ஆனால் அவர் கை காட்டினால் லோன் என்ற நிலைமை. அவருக்கும் அவர் சொன்னவர்களுக்கும் பணம் போய்க்கொண்டே இருந்தது. செக்ரெட்டரி கொடுத்தார், டைரக்டர்கள் பார்க்கவில்லை. (நம்ம போர்டு மீட்டிங்குகளைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமாக இருக்காது.)

1865 ஏப்ரலில் அமெரிக்கப் போர் முடிந்தது. பருத்தி விலை விழுந்தது. பம்பாயில் முன்பேரம் பேசியவர்கள் அத்தனை பேரும் ஜூலை 1-ம் தேதி கணக்கு முடிக்க வேண்டும். முடிக்க யாரிடமும் பணம் இல்லை. 2,850 ரூபாய்க்குப் போன பேங்க் ஆஃப் பாம்பே பங்கை 87 ரூபாய்க்குத்தான் கேட்டார்கள். பேக் பே கம்பெனியும் போயிற்று. அது தூர்த்த வரைக்குமான கடலோரத் துண்டு நிலம் பிறகு ரயில் பாதைக்குப் பயன்பட்டது. நான் தினமும் வருகிற பாதை அதுதான்!

பேங்க் இழுத்துப் பறித்துக்கொண்டு 1868 வரை ஓடி மூடப்பட்டது. மூலதனத்தில் பெரும் பகுதி காலி. சர் சார்லஸ் ஜாக்சன் தலைமையில் கமிஷன் போட்டு விசாரித்தார்கள். தளர்த்திய சட்டம், அதைத் தவறாகப் பயன்படுத்திய செக்ரெட்டரிகள், கண்ணை மூடிக்கொண்ட டைரக்டர்கள் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் இதே ஊரில் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியின் கதவைப் பிடித்துக்கொண்டு மக்கள் அழுதார்களே, ஞாபகம் இருக்கிறதா? மொத்தக் கடனில் 70 சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று முதல் நாள் உத்தரவு. நடுவில் 150 வருஷம். ஜாக்சன் கமிஷன் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றினால் போதும் போல.

நம்ம ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி மஞ்சக் கடுதாசி கொடுத்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். அந்த அடியில்தான் அடுத்த வருஷம் இந்தியன் வங்கி பிறந்தது. அப்பாவின் "எங்க காலம்" இந்த இரண்டுக்கும் நடுவிலும் இல்லை, முன்னாலும் இல்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லலாம்தான். சொன்னால் "அப்ப நீ யோக்கியமாடா?" என்று கேட்டுவிடுவார்.

2007. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கிளையில் எல்லாருக்கும் இன்ஷூரன்ஸ் டார்கெட். மாசக் கடைசியில் மேனேஜர் பெயர் பெயராகக் கூப்பிட்டு எண்ணிக்கை கேட்பார். ஒரு மராத்திப் பெரியவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு லட்ச ரூபாயை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட வந்தார். நான் அவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, யூலிப் பாலிசி கொடுத்தேன். மார்க்கெட் ஏறிக்கொண்டிருந்த நேரம். "மூன்று வருஷத்தில் இரண்டு மடங்கு" என்று நான் சொன்னது எனக்கே அப்போது உண்மையாகத்தான் இருந்தது. அடுத்த இரண்டு வருஷமும் லட்சம் லட்சம் கட்ட வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. முதல் வருஷப் பணத்தில் 20 ஆயிரத்துக்கு மேல் கட்டணமாகவே போய்விடும் என்பதையும் சொல்லவில்லை. ஃபாரத்தில் எல்லாம் அச்சடித்திருந்தது. அவர் படிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் டிக் போட்டுக் கொடுத்தேன்.

அந்த மாசம் மீட்டிங்கில் எனக்குக் கைதட்டல்.

2008 கடைசியில் அவர் வந்தார். மார்க்கெட் பாதிக்கும் கீழே. இரண்டாவது தவணை கட்டாததால் பாலிசி செத்துப் போயிருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்துத் தொகையைச் சொன்னேன், சத்தம் குறைத்து. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "சாஹேப், தப்பாகப் பார்த்துவிட்டீர்களோ, இன்னொரு தடவை பாருங்கள்" என்றார். இன்னொரு தடவை பார்த்தேன். அதே தொகை.

2010 செப்டம்பரில் யூலிப்புக்குப் புது விதிகள் வந்தன, கட்டணத்துக்கு வரம்பு வந்தது. அதற்குள் நான் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டேன்.

பிரேம்சந்த் விழுந்தும் கோபுரம் விழவில்லை, பணத்தை முன்னமேயே கொடுத்திருந்ததால். 1869-ல் அடிக்கல், 1878-ல் கட்டி முடித்தார்கள். அவர் 1906 வரை இருந்தார். காலையில் மைதானத்தைக் கடக்கும்போது மணி அடித்தால் வாட்சைச் சரிபார்த்துக்கொள்வேன். எங்கள் ஆபீசில் ஒன்பதே முக்காலுக்குள் கைரேகை வைக்க வேண்டும். பத்து மணிக்கு இந்த மாச டார்கெட் மீட்டிங்.