தென்னிந்தியத் திருச்சபை ஒன்றிப்பும் குருப்பட்டச் சிக்கலும்

பிரிந்து நின்ற சபைகள் இணைவதற்குக் கொள்கை உடன்பாடு மட்டும் போதாது. ஒன்றன் குருமாரை மற்றொன்று மதித்து ஏற்றலும் வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய குருமார், சபைப் பிரிவுகள் வெளியிலிருந்து தம்மீது சுமத்தப்பட்டவை எனக் கூறி ஒன்றிப்புக்கு அழைப்பு விடுத்தனர். அவர்களுள் முதன்மையானவர், திருநெல்வேலிப் பகுதியைச் சார்ந்த வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் பேராயராக விளங்கிய வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆவார். அதன்பின் 28 ஆண்டுகள் கழிந்தே ஒன்றிப்பு கைகூடியது. பேராயரிடம் குருப்பட்டம் பெறாத மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரகேஷனல் குருமார் மீண்டும் பட்டம் பெற வேண்டுமா என்பதே இடர்ப்பாட்டின் மையம். வேண்டுவதில்லை என ஆங்கிலிக்கர் இசைந்தனர். இனிவரும் குருப்பட்டங்களைப் பேராயரே வழங்குவர் என ஏனையோர் உடன்பட்டனர். பழக்கமில்லாத வழிபாட்டு முறை எச்சபையின்மீதும் திணிக்கப்படாது என்னும் உறுதியும் அளிக்கப்பெற்றது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றிப்பு நிறைவேறியது. அதனைக் காண அசரியா இல்லை. அவர் 1945 ஜனவரி 1 அன்று மறைந்தார். நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் பலர் இணையாது நின்றனர். ஆகவே பிளவு முற்றும் நீங்கிற்று எனல் பொருந்தாது. எனினும், தம் குருப்பட்டம் குறையுடையது என ஒப்புமாறு எவரையும் வற்புறுத்தாமையே இணைந்தோரைப் பிரியாது காத்தது எனக் கருத இடமுண்டு.