பங்குனி வெயிலும் பெரிய வெள்ளியும்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று குழுவினர் கேட்டார்கள். வரலாறு படித்தவன், பாண்டியரையோ நாயக்கரையோ எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவது எங்கள் கோயிலுக்கு வெள்ளையடித்த கதை. அதிலும் ரோமாபுரி வரை போகிற வரலாறு ஒன்று இருக்கிறது. நண்பர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

விருதுநகரில் பங்குனி என்றால் பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கல், அக்கினிச்சட்டி, பொருட்காட்சி. நம் கல்லூரி விடுதி மாணவர்கள் வார்டனுக்குத் தெரியாமல் பொருட்காட்சிக்குப் போன கதையை வேறு யாராவது எழுதுவார்கள். எங்கள் இன்னாசியார் கோயிலுக்கும் அதுவே நெருக்கடியான மாதம். மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-ஐத் தாண்டியும் போகாது. ஆகவே பல வருஷங்களில் தபசு காலமும் பொங்கலும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு தெருவில் கொட்டுச் சத்தம், அடுத்த தெருவில் எங்கள் சிலுவைப்பாதைப் பாட்டு. பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தவர்களிடம் ஏணியை வாங்கித்தான் நாங்கள் கோயிலுக்கு வெள்ளையடிப்போம். யாரும் இல்லையென்று சொன்னதில்லை.

சுண்ணாம்புக் கல்லை முதல் நாளே தொட்டியில் நீற்றுப்போட்டு, மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் நீலம் சேர்ப்போம். கஷ்டம் சுண்ணாம்பில் இல்லை, தண்ணீரில். பங்குனியில் எங்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடம் குடமாகச் சுமந்து வந்துதான் தரை கழுவ வேண்டும். பித்தளைத் திரித்தண்டுகளுக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது சிறுவர்களாகிய எங்கள் வேலை. கோயில்பிள்ளை தாத்தா முகம் பார்த்துச் சரி என்றால்தான் விடுவார். குருத்தோலை ஞாயிறுக்குப் பனங்குருத்து. பனையேறுகிறவர்கள் ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் வெட்டமாட்டார்கள். "ரெண்டு எடுத்தா மரம் சுணங்கிரும் தம்பி" என்பார்கள். அந்த ஓலை வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் ஒரு வருஷம் இருந்து காயும். பிறகு அதை எரித்த சாம்பல்தான் அடுத்த தபசின் முதல் நாளில், விபூதிப் புதனன்று, நெற்றிக்கு வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் தாயார் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினார்கள். (தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம், வெளியூர் நண்பர்கள் நாற்காலி மேசையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.) கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. போகாத நாளுக்கு ஒன்றும் கிடையாது. அம்மா சொல்வார்கள்: "எனக்குக் கல்யாணமான புதுசுல பெரிய வியாழன் பூசை காலையில, பெரிய வெள்ளி ஆராதனை காலையில, சனிக்கிழமை காலையிலயே அல்லேலூயா பாடி முடிச்சிருவாங்க. நாங்க ஆபீஸ்ல இருப்போம். மணிச்சத்தம் காத்துல வந்தா கட்டையை வச்சுட்டு ஒரு சிலுவை போட்டுக்கிடுவேன். அவ்வளவுதான் எனக்கு ஈஸ்டர்."

உயிர்ப்பின் இரவுத் திருவிழிப்பைச் சனிக்கிழமை காலையில் நடத்துவதா என்று கல்லூரியில் படிக்கும்போது எனக்குச் சந்தேகம். தேடிப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. நூற்றாண்டுகளாக அந்தச் சடங்குகள் மெல்ல மெல்லக் காலைக்கு நகர்ந்துவிட்டிருந்தன. 1642-இல் பாப்பரசர் எட்டாம் உர்பான் கடன் திருநாட்களைக் குறைத்தபோது, இந்த மூன்று நாட்களும் வேலை நாட்களாகிவிட்டன. பிறகு யார் வருவார்கள்? உலகம் முழுவதும் கோயில் காலி. பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் திருவிழிப்பைச் சோதனையாக இரவுக்கு மாற்றினார். 1955 நவம்பரில் வந்த ஆணையின்படி 1956 முதல் வியாழன் பூசை மாலைக்கும், வெள்ளி ஆராதனை பிற்பகலுக்கும், சனி இரவுக்கும் போயின. உழைக்கிற ஜனம் வர முடியவில்லை என்பது அந்த ஆணையிலேயே ஒரு காரணம். அதற்கு முன்பே, 1953-இல், தண்ணீர் குடித்தால் நற்கருணை உபவாசம் முறியாது என்று சொல்லியிருந்தார். பங்குனி வெயிலில் வாழாதவர்களுக்கு இதன் அருமை தெரியாது. எங்கள் மதுரை மறைமாவட்டம் உயர் மறைமாவட்டமானதும் அதே 1953-இல்தான். அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது தண்ணீர் மட்டும்.

நான் பார்த்ததெல்லாம் புது முறைதான். வெள்ளிக்கிழமை மாலைச் சிலுவைப்பாதைக்குப் பெண்கள் ஆபீசிலிருந்து நேரே வருவார்கள். பட்டாசு ஆபீசுக்குப் போகிறவர்களின் கையில் அலுமினியப் பவுடர் எத்தனை கழுவினாலும் வெள்ளியாக மின்னும். முழந்தாளிட்டுக் கும்பிடும்போது அந்தக் கைகள்தான் எனக்குத் தெரியும். பெரிய வெள்ளியன்றும் சிலர் அரைநாள் வேலை பார்த்துவிட்டு மூன்று மணிக்கு ஓடிவந்தார்கள். குற்றமாக எழுதவில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

சனி இரவு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, கோயில் வாசலில் சாமியார் புது நெருப்பு மூட்டுவார். அதிலிருந்து பாஸ்கு திரி ஏற்றி உள்ளே கொண்டுபோக வேண்டும். பிற ஊர்களில் ஜனம் நெருப்பைச் சுற்றி நெருக்கியடித்து நிற்பதைப் பின்னாளில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் பெண்கள் பத்தடி தள்ளித்தான் நிற்பார்கள், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு. எங்கள் வளவில் இருந்த அக்கா ஒருத்தி ஒரு ஆபீசில் தீக்காயப்பட்டு மூன்றாம் நாள் இறந்துபோனாள். எந்த ஆபீஸ் என்று எழுதுவதில் இப்போது பயனில்லை. அந்த வருஷம் அவள் தாயார் புது நெருப்புக்கு வரவில்லை. உள்ளே இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்கு திரி உள்ளே வந்து, திரிக்குத் திரி தீ கொடுத்துக்கொண்டே போனபோது, அம்மா தன் திரியைக் கையால் மறைத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். கொடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மாள் தானாகத் தன் திரியைச் சாய்த்தார்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வெடி விபத்தில் மாண்டபோது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது கோயிலுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். பித்தளைக்குப் பாலிஷ் வந்துவிட்டது. ஏணி வாங்கப் போக வேண்டியதில்லை. போன ஈஸ்டர் இரவில் நானும் போயிருந்தேன். பத்தடி தள்ளித்தான் நின்றேன்.